கோலி இறங்கும் சத்தம்

நங்கூர மாதா கோயில் தேர், மணி அடித்தால் கிளம்பாது. ஃபாதர் கை காட்டினாலும் கிளம்பாது. வேட்டுப் போட்டாலும் அப்படியே நிற்கும். ராயபுரத்தில் அந்த ஒரு தேருக்கு மட்டும் சோடா உடைத்தாக வேண்டும்.

மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேருக்கு முன்னால் பேண்டு செட்டு வரிசை கட்டி நிற்கும். முதல் வரிசையில் டிரம்பெட்டோடு டெரிக். அவர் பக்கத்தில் சைடு டிரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஹுமாயூன். டிரம் அடிக்காத நாளெல்லாம் ஹுமாயூனுக்குக் கல்மண்டபத்துப் பக்கம் சோடாக் கடை. அங்கிருந்து கொண்டுவந்த பன்னீர் சோடாவை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருக்கிற காஸ், கோலியைப் பாட்டில் கழுத்தில் இறுக்கிப் பிடித்திருக்கும். கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து. 'டக்'. கோலி இறங்கும், நுரை பொங்கும், காத்திருக்கிற நூறு பேரும் குனிந்து கயிற்றில் கை வைப்பார்கள். டெரிக் ஒரு வாய் வாங்கி, இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக நாலு தரம் அலசி விழுங்கிவிட்டு, டிரம்பெட்டை உதட்டில் வைப்பார். ஒற்றைச் சுரம்தான். மூச்சு முடிகிறவரை நீளும். அது அடங்குவதற்குள் தேர் நகர்ந்திருக்கும்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், முதன்முதலாகத் தேருக்கு ஊத நின்றபோது டெரிக்குக்குப் பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஹுமாயூன் ஓடிப்போய் ஒரு சோடா கொண்டுவந்தார். அந்த வருஷம் தேர் எங்கேயும் சிக்காமல் நிலைக்கு வந்து சேர்ந்தது. மறு வருஷம் கயிறு இழுக்கிறவர்களே "சோடா எங்கப்பா?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான்.

இந்த வருஷம் அந்தச் சுரம் வராமலே போய்விடும் என்று முதலில் சந்தேகப்பட்டவள் டெரிக்கின் மகள் ஜானட். தன் சந்தேகத்தின் மேலேயே அவளுக்குச் சந்தேகம் என்பதால், யாரிடமும் சொல்லவில்லை.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே யார்டில் வேலை. டெரிக் கிரேனுக்கு சிக்னல் கொடுக்கிறவர். விசிலை முன்பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு சின்ன ஊதல் ஊதினால் தூக்கு. இரண்டு ஊதினால் இறக்கு. நீளமாக ஊதினால் நிறுத்து. ஜானட் எடைமேடைக் கூண்டில் உட்கார்ந்து, வருகிற லாரியின் நம்பர், வெற்று எடை, சுமை எடை எழுதுவாள். எழுதியதை ஒருமுறை சரிபார்ப்பாள். ஆறை எட்டாக எழுதிவிட்டோமோ என்று இன்னொரு முறை பார்ப்பாள். லாரி கேட்டைத் தாண்டிய பிறகு மூன்றாவது முறை பார்ப்பாள். வேலை முடிந்து ஆறு மணிக்குத் தேரடிப் பக்கம் ஒரு மாடியில் இங்கிலீஷ் பேசக் கற்றுத்தரும் வகுப்புக்குப் போவாள். தினமும் பார்த்ததைப் பத்து வரி நோட்டில் எழுதி வரச் சொல்லியிருந்தார் மிஸ். ஜானட் எழுதுகிற பத்து வரியில் நாலு வரி, நேற்று எழுதினது சரிதானா என்ற விசாரணையாக இருக்கும்.

திருவிழாவுக்குப் பதினாறு நாள் இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை. அக்னி நட்சத்திரம். யார்டில் அடுக்கி வைத்த இரும்புத் தகட்டின் மேல் வெயில் விழுந்து, அந்தப் பக்கம் நிற்கிற ஆள் தண்ணீருக்குள் நிற்பதுபோல அசைந்து தெரிந்தான். கிரேனில் ஒரு கட்டுத் தகடு ஆள் உயரத்துக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லி நீளமாக ஊத வேண்டிய நேரத்தில், டெரிக்கின் வாயிலிருந்து விசில் நழுவி மண்ணில் விழுந்தது.

அவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். கிரேன்காரர் பார்த்துவிட்டார். தகடு ஒரு ஆட்டம் ஆடி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டெரிக் விசிலை எடுத்துப் பேண்டில் துடைத்து, இந்த முறை கடைவாயில் வைத்தார். அன்று முழுக்கக் கடைவாயில்தான் ஊதினார். சத்தம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தது. ஜானட் லாரி நம்பருக்குப் பக்கத்தில், யாருக்கும் புரியாத சின்ன எழுத்தில், '11.40. நைனா. விசில் கடைவாயில்' என்று எழுதி வைத்தாள்.

கடலில் மீன்பிடித் தடைக்காலம். வீட்டில் அன்று நெத்திலிக் கருவாட்டுத் தொக்கும் ரசமும். டெரிக் சோற்றை வலது பக்கமாகவே ஒதுக்கி மென்றார். பானைத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அடைக்கலமேரி புருஷனின் தாடையைப் பிடித்து டியூப்லைட்டுக்கு நேராகத் திருப்பினாள். முன்பல் நாலும் ஓரத்தில் மெலிந்து, கண்ணாடிபோல வெளிச்சம் ஊடுருவியது. நடுவில் ஒரு பல்லின் முனையையே காணோம்.

"இன்னாய்யா இது? எலி கறண்ட மாதிரி கீது."

"ஒண்ணியும் இல்ல மேரி. ஒரு ஆணியக் கடிச்சேன்."

"ஆணி கடிக்கிறதுக்கு நீ இன்னா கார்பெண்டரா? விசில் ஊதறவன்தானே?"

அதற்கு மேல் அவரால் மறைக்க முடியவில்லை. காற்றுப் பட்டாலே ஜிவ்வென்று மண்டைக்கு ஏறுகிறது, டிரம்பெட்டின் வாய்ப்பகுதியைப் பல்லில் அழுத்தினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது, பத்து நாளாகப் பெட்டியையே திறக்கவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கோயில் கமிட்டி செயலாளர் யேசுதாஸிடம் உதட்டில் புண் என்று சொல்லி வைத்திருந்தார். யேசுதாஸ் நல்ல மனுஷன். கவலைப்படாதே என்று ஒரு வழியும் சொல்லியிருந்தார். டெரிக்குக்கு அந்த வழிதான் பல்வலியைவிடப் பெரிய வலியாக இருந்தது.

"போன வருசம் நான் ஊதுனது அவன் போன்ல கீதாம். அத்த ஸ்பீக்கர்ல போட்டுக்கலாங்குறான். நான் ஊதுனத்த நானே தேருக்கு முன்னாடி நின்னுகினு கேக்கணுமாம்."

அடைக்கலமேரி சிரிக்கக் கூடாது என்றுதான் பார்த்தாள். முடியவில்லை. சிரித்து முடித்துவிட்டு, நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வா என்றாள். டெரிக் கையெடுத்துக் கும்பிட்டார். போனால் பிடுங்கிவிடுவார்கள், முன்பல் போனால் டிரம்பெட் போச்சு, ஒரு வாரம் கிராம்பு எண்ணெய் வைத்துப் பார்க்கிறேன் என்று கெஞ்சி, ஒரு வாரம் தவணை வாங்கிக்கொண்டார்.

ஜானட்டுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. ஊரில் யாரும் தேய்க்காத அளவுக்கு அப்பா பல் தேய்க்கிறார். அப்புறம் ஏன்? கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர் பல் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தபோது, அவள்தான் இருப்பதிலேயே கெட்டியான பிரஷ் ஒன்றை வாங்கிக் கொடுத்து, சோடா குடித்தால் வாய் காய்வதற்குள் தேய்த்துவிட வேண்டும் என்று சட்டம் போட்டாள். மகள் சொன்ன ஒன்றைத் தட்டாமல் செய்கிற சந்தோஷத்தில் டெரிக்கும் சட்டைப் பையில் விசிலோடு பிரஷ்ஷையும் போட்டுக்கொண்டு திரிந்தார். யார்டில் அவருக்குப் 'பல்லுக் கலெக்டர்' என்று பட்டம்கூடக் கிடைத்தது.

அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஒரு நோட்டு எடுத்தாள். கோடு போட்டாள். மணி, என்ன குடித்தார், எவ்வளவு நேரம், பக்கத்தில் பல் தேய்த்ததற்கு ஒரு வட்டம். அப்பாவை மட்டும் எழுதினால் வேவு பார்ப்பதுபோல இருக்கிறதே என்று அம்மாவையும் தன்னையும் சேர்த்துக்கொண்டாள்.

காலை ஏழரைக்கு டெரிக்கின் பழைய டிவிஎஸ் வண்டி ஹுமாயூன் கடை முன்னால் நிற்கும். இறங்க மாட்டார். ஒரு காலைத் தரையில் ஊன்றுவார், பின்னால் ஜானட் பிடித்துக்கொள்வாள். "இன்னா மாமு" என்று ஹுமாயூன் ஒரு பன்னீர் சோடாவை உடைத்து நீட்டுவார். "இன்னா தோஸ்து" என்று இவர் வாங்குவார். இருபத்தாறு வருஷமாக அதற்கு விலையும் கிடையாது, வேண்டாம் என்ற பேச்சும் கிடையாது. வேண்டாம் என்று சொன்னால் இரண்டு பேருக்குள் ஏதோ சண்டை என்று அந்தத் தெருவே பேசும். அது போக, யார்டுக்குக் கொண்டுபோக ஒரு பெரிய பாட்டில் நிறைய எலுமிச்சை சோடா. சர்க்கரை தூக்கலாக, உப்பு ஒரு சிட்டிகை. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து போகும்போது அந்தப் பாட்டில் ஜானட்டின் மடியில் ஜில்லென்று இருக்கும்.

யார்டில் டெரிக் அதை மடமடவென்று குடிக்க மாட்டார். ஒரு கட்டு இறக்கினால் ஒரு வாய். வாய் காயாமல் இருந்தால்தான் விசில் வரும் என்பது அவர் கணக்கு. அந்த ஒரு வாயையும் தேர்த் திருவிழாவில் அலசுகிறமாதிரி அலசித்தான் விழுங்குவார். கூண்டிலிருந்து ஜானட் ஒன்று, இரண்டு என்று கோடு கிழித்தாள். சாயங்காலம் கூட்டினால் நாற்பத்தொன்று. நடுவில் ஆறு வட்டம். வெள்ளிக்கிழமை பிரியாணியோடு ஒரு ஆரஞ்சு கூல்டிரிங்க். சர்க்கரை டீ நாலு. முதல் நாள் கணக்கு தப்பாக இருக்குமோ என்று இரண்டாம் நாளும் எண்ணினாள். முப்பத்தெட்டு.

கிராம்பு எண்ணெய் தோற்றது. திருவிழாவுக்கு ஆறு நாள் இருந்த திங்கட்கிழமை, மூன்று பேரும் அரசு ஆஸ்பத்திரி பல் பிரிவில் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் செங்கொடிக்கு முப்பது வயதுகூட இருக்காது. வியாசர்பாடிப் பெண். வந்தவர்களிடம் பேச்சிலேயே பாதி வலியைக் குறைத்துவிடுவாள் என்று வரிசையில் இருந்தவர்கள் சொல்லிக்கொண்டார்கள். டெரிக்கின் வாயைப் பார்த்துவிட்டு, தினமும் என்ன குடிப்பீர்கள் என்று கேட்டாள். "தண்ணிதான் டாக்டர், எப்பனா ஒரு சோடா" என்றார் டெரிக்.

அடைக்கலமேரி மகளின் பையிலிருந்து நோட்டைப் பிடுங்கி மேஜைமேல் வைத்தாள். ஜானட்டுக்குக் காது சூடாகிவிட்டது. கோடெல்லாம் கோணலாக இருக்கிறது, நல்ல நோட்டில் பார்த்து எழுதிக் கொண்டுவந்திருக்கலாம் என்று தோன்றியது. செங்கொடி பக்கத்தைப் புரட்டப் புரட்ட நிமிர்ந்து உட்கார்ந்தாள். நர்ஸ் ரூபினாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இப்டி ஒரு நோட்டு இத்தினி நாள்ல ஒருத்தரும் எனக்குக் கொண்டாந்து குடுத்ததில்ல. யாரு எழுதுனது?"

ஜானட் பாதி கை தூக்கினாள்.

"இந்த ஏழு டீ யாரு?"

"அதுவும் அவரு குட்ச்சதுதாம்மா" என்றாள் அடைக்கலமேரி சட்டென்று.

"அ.மேரின்னு போட்டுருக்கே."

ரூபினா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். டெரிக் ஒரு வாரத்தில் முதல் தடவையாக வாய் திறந்து சிரித்து, காற்றுப் பட்டு உடனே மூடிக்கொண்டார். செங்கொடியின் விரல் மட்டும் நோட்டில் ஓர் இடத்தில் நின்றது. சோடா, வட்டம். சோடா, வட்டம். இந்த வட்டம் என்ன என்று கேட்டாள். பல் தேய்த்தது என்றாள் ஜானட், கொஞ்சம் பெருமையாகவே.

செங்கொடி நோட்டை மெதுவாக வைத்தாள்.

"சோடால கீற புளிப்பு பட்டா, பல்லு மேல் பூச்சு கொஞ்ச நேரத்துக்கு மெத்துனு ஆயிடும். எச்சில் வந்து அத்த மறுபடியும் கெட்டி பண்றதுக்கு அரை மணி நேரமாச்சும் ஓணும். அதுக்குள்ள பிரஷ்ஷப் போட்டா, ஈர சிமெண்டு தரைய தொடப்பத்தால பெருக்குற மாதிரி. ஒடனே தேய்க்கச் சொல்லி யாரு சொன்னா?"

"நானாதான் டாக்டர்" என்றார் டெரிக். "வாய் கலீஜா கீதேன்னு."

ஜானட்டுக்கு அறையில் இருந்த சத்தமெல்லாம் தள்ளிப்போனது. ஐந்து மாதம். ஒரு நாளைக்கு ஆறு வட்டம். ஒவ்வொரு வட்டத்தையும் அவளே கையால் போட்டிருக்கிறாள். "இல்ல டாக்டர், நான்தான் சொன்னேன். பிரஷ்ஷும் நான்தான் வாங்கிக் குடுத்தேன்" என்றாள்.

"அவ நல்லதுக்குதான் சொன்னா" என்றார் டெரிக். "அத்தப் போயி இன்னாத்துக்கு நோட்டுல எழுதினியாம், பைத்தியம்."

செங்கொடி நாற்காலியை ஜானட் பக்கம் திருப்பினாள். தானும் பல் படிப்புக்குச் சேருகிறவரை கூல்டிரிங்க் குடித்த கையோடு ஓடிப்போய்ப் பல் தேய்த்தவள்தான் என்றாள். அரித்ததில் பெரிய பங்கு சோடாவுக்கு, அதிலும் அதை நாள் முழுக்க வாயில் வைத்திருந்ததற்கு. ஒரு பாட்டிலை நாற்பது வாயாகக் குடித்தால் பல்லுக்கு அது நாற்பது தடவை. ஆசைப்பட்டால் சாப்பாட்டோடு எப்போதாவது ஒன்று, அதையும் அலசாமல் குடித்து முடித்துவிட்டு வெறும் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும், பிரஷ்ஷை அப்புறம்தான் தொட வேண்டும், மிருதுவான பிரஷ்ஷாக. யார்டுக்குத் தண்ணீர் கொண்டுபோங்கள். டீயில் சர்க்கரையைக் குறையுங்கள், அ.மேரியும்தான். பல்லைப் பிடுங்க மாட்டேன். மெலிந்த ஓரத்தைப் பூசிக் கட்டிவிடலாம், வியாழக்கிழமை வாருங்கள். இவ்வளவும் சொல்லிவிட்டு, "இந்த நோட்டு இல்லன்னா எனக்குப் பிரஷ்ஷு வெசயமே தெரிஞ்சிருக்காது. கட்டி வுட்டதையும் மறுபடி தேச்சே கரைச்சிருப்பாரு" என்றாள். ஜானட் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதையும் எழுதிக்கொண்டாள்.

டாக்டர் சொன்னதெல்லாம் சரி. ஆனால் ஹுமாயூனிடம் யார் சொல்வது? செவ்வாய்க்கிழமை காலை கல்மண்டபம் நெருங்க நெருங்க டெரிக்கின் முதுகு விறைத்துக்கொண்டு வந்தது. வண்டி நிற்கவில்லை. அவர் நேராகப் பார்த்துக்கொண்டே போய்விட்டார். பின்னால் திரும்பிப் பார்த்தவள் ஜானட். ஹுமாயூன் கையில் உடைத்த சோடாவோடு ரோட்டோரத்தில் நின்றார். நுரை வழிந்து முழங்கை வரை ஓடியது. அவர் துடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஜானட் வகுப்புக்குப் போகாமல் கல்மண்டபத்துக்குப் போனாள். ஹுமாயூன் கடையில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார். என்ன பேச வேண்டும் என்று பஸ்ஸில் பத்து வரி எழுதி வைத்திருந்தாள். ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. நோட்டைத் திறந்து காட்டினாள். அவர் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு கோடாக விரல் வைத்துப் பார்த்தார்.

"இதுல எத்தினிமா என் கடச் சோடா?"

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ஆரஞ்சு ஒண்ணத் தவுர எல்லாம், பாய் மாமா."

"இருவத்தாறு வருசமா தோஸ்து பல்ல நான்தான் ஊத்தி ஊத்திக் கரைச்சிகினு இருந்துகிறேன்."

"பிரஷ் குடுத்தது நான்தான் மாமா" என்றாள். யாருடைய தப்பு பெரியது என்று இரண்டு பேரும் கொஞ்ச நேரம் போட்டி போட்டார்கள். அப்புறம் ஹுமாயூன் கழுவின பாட்டிலையே மறுபடியும் கழுவினார். புதன்கிழமை கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வியாழக்கிழமை முழுசாக.

வியாழக்கிழமை செங்கொடி முன்பல் நாலுக்கும் ஓரம் கட்டினாள். வெண்ணெய்போல ஏதோ பூசி, நீல வெளிச்சம் காட்டி இறுக்கினாள். கண்ணாடியில் பார்த்துவிட்டு அடைக்கலமேரி, கல்யாணத்தன்றுகூட இந்த ஆள் இவ்வளவு அழகாக இல்லை என்றாள். தண்ணீர் குடித்தார்; கூசவில்லை. கருவாடு கடித்தார், வலிக்கவில்லை. ஆசை ஆசையாகப் பெட்டியைத் திறந்து டிரம்பெட்டை உதட்டில் வைத்து ஊதினார்.

'புஸ்' என்றது.

மறுபடி ஊதினார். சைக்கிள் டயரில் காற்று இறங்குகிற சத்தம். பழைய பல்லில் காற்று எந்த இடுக்கில் போய் எப்படித் திரும்பும் என்று உதட்டுக்குத் தெரியும். இது வேறு பல். வெள்ளிக்கிழமை முழுக்கக் காசிமேட்டுக் கல்கரையில் உட்கார்ந்து ஊதிப் பார்த்தார். வலையைக் காயப் போட்டுவிட்டுச் சும்மா இருந்த விசைப்படகுக்காரர்கள் மரியாதைக்காகச் சிரிக்காமல் இருந்தார்கள். வீட்டுக்கு வந்து யேசுதாஸுக்குப் போன் போட எண்ணை அழுத்தினார். ஸ்பீக்கரிலேயே போட்டுக்கொள்ளச் சொல்லிவிடலாம் என்று.

ஜானட் போனைப் பிடித்துக்கொண்டாள். அப்படிப் பிடித்தது அவளுக்கே ஆச்சரியம். "நாளைக்கு ஒருவாட்டி டாக்டரப் பாக்கலாம் நைனா. டிரம்பெட்ட எடுத்துகினு போலாம்."

"சட்ட லூசா கீதுன்னா டைலராண்ட போலாம். இதுக்குப் போயி டாக்டராண்ட..."

"ரெண்டும் ஒண்ணுதான். நான் எழுதி வெச்சுகிறேன், எந்தப் பல்லு ஒதட்டுல இடிக்குதுன்னு." உண்மையாகவே எழுதியிருந்தாள். சரியா தப்பா என்று தெரியாது.

சனிக்கிழமை காலை பல் பிரிவு வராந்தாவில் நாற்பது பேர் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டெரிக் டிரம்பெட்டை ஒரு டவலில் சுற்றிக் குழந்தையைப்போல மடியில் வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் செங்கொடிக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"எங்க, இங்கயே ஊதிக் காட்டுங்க."

"ஆஸ்பத்திரிலயா? பேஜாராயிடும் டாக்டர்."

"ஊதாம நான் எப்டி அளவு எடுக்கிறது?"

அவர் நாற்காலியில் சாய்ந்தபடி ஊதினார். பாதி சுரம், பாதி காற்று. செங்கொடி ஜானட்டின் குறிப்பைப் பார்த்தாள், மையிட்ட சின்னத் தாளை வைத்து எங்கே இடிக்கிறது என்று பார்த்தாள், சின்ன மெஷினால் ஒரு தொடு தொட்டாள். மறுபடி. இந்த முறை முக்கால் சுரம். கதவை மூடப்போன ரூபினா, வராந்தாவிலிருந்து எட்டிப் பார்க்கிற தலைகளைக் கண்டு மூடாமல் விட்டாள். இடது பக்கம் இன்னும் ஒரு இழை என்றார் டெரிக். ஒரு இழை எடுத்தாள். அவர் எழுந்து நின்றார். கண்ணை மூடினார்.

சுரம் வந்தது. வராந்தாவை முழுதாக நிரப்பிக்கொண்டு, மருந்துச் சீட்டு வாங்குமிடம் வரை போய்த் திரும்பியது. அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தை நிறுத்திவிட்டுப் பார்த்தது. என்னவோ ஏதோ என்று ஓடிவந்த காவலாளி, ஓடிவந்த வேகத்திலேயே நின்று கேட்டார். கன்னம் வீங்கிய ஒருவர் வீங்காத பக்கத்து வாயால் சொன்னார்.

"இன்னொண்ணு ஊது நைனா. எனக்கு எது வலிக்குதுன்னே மறந்து பூட்ச்சு."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கடலிலிருந்து காற்றுத் திரும்பி, வெயில் இறங்கியிருந்தது. மல்லிகையும் சாமந்தியும் போர்த்திய தேர் கோயில் வாசலில் நின்றது. பேண்டு செட்டு வெள்ளைச் சட்டையில் வரிசை கட்டியது. டெரிக்கின் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். நின்று இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம், வண்டியை நிறுத்தாமல் போனதுதான் தப்பு என்று முந்தின நாளெல்லாம் அவர் முனகியதை ஜானட் கேட்டிருந்தாள். யேசுதாஸ் எதற்கும் இருக்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் செருகி வைத்திருந்தார்.

ஃபாதர் ஜெபம் முடிக்கும்போது கூட்டம் விலகியது. ஹுமாயூன் டிரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார். கையில் சோடா பாட்டில். அடைக்கலமேரி மகளின் கையை இறுகப் பிடித்தாள். "இன்னாடி இது, இந்த பாய் மறுபடியும் சோடாவத் தூக்கினு வராரு."

டெரிக்கும் பார்த்தார். டாக்டர் சொன்னதும் அவர் முகத்தில் தெரிந்தது, இருபத்தாறு வருஷமும் தெரிந்தது. ஒரு விநாடிதான். கையை நீட்டிவிட்டார்.

"இன்னா தோஸ்து" என்றார்.

"இன்னா மாமு. நிக்காம போற."

"தப்புதான்டா."

ஹுமாயூன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தார். ஜானட் அப்போதுதான் கவனித்தாள். கோலி கழுத்தில் இறுகி நிற்கவில்லை; பாட்டிலுக்குள் சும்மா உருண்டுகொண்டிருந்தது. நுரை இல்லை. ரோஜா வாசனை இல்லை. அது வெறும் தண்ணீர். டெரிக் ஒரு வாய் வாங்கினார். புருவம் ஏறியது. கன்னத்துக்குக் கன்னம் நாலு தரம் அலசினார், ஆசை தீர. விழுங்கினார்.

ஆனால் கயிற்றுக்காரர்கள் அசையவில்லை. எல்லோரும் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோடா உடைகிற சத்தம் வரவில்லையே. இறங்கிவிட்ட கோலி எப்படிச் சத்தம் போடும்? யேசுதாஸின் கை ஸ்பீக்கர் பக்கம் போனது.

ஹுமாயூன் பாட்டிலை ஜானட் கையில் கொடுத்தார். டிரம் குச்சி ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி, டிரம்மின் இரும்பு விளிம்பில் ஒரே ஒரு தட்டுத் தட்டினார்.

'டக்'.

அச்சு அசல் அதே சத்தம். இரண்டு நாள் ஷட்டரை இறக்கிவிட்டு அவர் உள்ளே என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஜானட்டுக்குப் புரிந்தது. நூறு முதுகும் ஒன்றாகக் குனிந்தது. டெரிக் டிரம்பெட்டை உதட்டில் வைத்தார். சுரம் எழும்பி, தேருக்கு மேலே, கோயில் கோபுரத்துக்கு மேலே, துறைமுகத்துக் கிரேன்கள் தெரிகிற பக்கமாகப் போனது. போய்க்கொண்டே இருந்தது. தேர் ஒரு முனகல் முனகி நகர்ந்தது. அடைக்கலமேரி தன் கையிலிருந்த டீயைக் குடிக்க மறந்து நின்றாள்.

டிரம்மை அடிக்க ஆரம்பித்த ஹுமாயூன், ஜானட்டைத் தாண்டிப் போகும்போது தலையைச் சாய்த்து, "நோட்டுல எழுதிக்கோமா. தண்ணி, ஒரு வாய், என் கணக்குல" என்றார்.

ஜானட் பையைத் துழாவினாள். நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். பரவாயில்லை என்று தோன்றியது. பாட்டிலில் மிச்சம் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, கோலி கடகடக்கிற பாட்டிலைக் கையில் ஆட்டிக்கொண்டே தேருக்குப் பின்னால் நடந்தாள்.